இல்லாத தூண்

"மேடம், அந்தம்மா பொய் சொல்றாங்க," என்றார் வெள்ளியங்கிரி.

"சாப்பிட்டீங்களாண்ணா?" என்றார் சுகந்தி.

"சாப்பாடு கெடக்குதுங்க. அந்தம்மா பொய் சொல்றாங்க."

"அப்ப சாப்பிடல."

சீடருக்கு ஐம்பது வயது. குருவுக்கு முப்பத்து நாலு. குரு என்றால் நரைத்த தாடியும் புலித்தோலும் வேண்டும் என்று நினைப்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இந்த குருவிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டரும், கோவைக்கு வெளியே அரசூர்ப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு சோதனைக் கூடமும்தான்.

வெள்ளியங்கிரி முன்பு வேறோர் இடத்தில் கேஸ் அடுப்பு வால்வுகளைச் சோதித்துக்கொண்டிருந்தவர். ராடார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டு இங்கே வந்தார். சுகந்தி கற்றுக்கொடுத்தார். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை அண்ணா என்பார். யாருக்கும் இதில் கௌரவம் குறையவில்லை.

ராடார் பெட்டி உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தொழிற்சாலையில் இயந்திரக் கை சுழலும் இடத்தைப் பார்த்தபடி அதை மாட்டுவார்கள்.

சுவிட்ச் போட்டதும் அது முதலில் சுற்றும் முற்றும் பார்க்கும். சுவர், வேலி, தூண் என்று அசையாமல் இருப்பதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளும். அப்புறம் அவற்றைக் கண்டுகொள்ளாது.

பிறகு ஓயாமல் அலையை அனுப்பும். அலை எதிலாவது பட்டுத் திரும்பி வரும். புதிதாக ஓர் ஆள் உள்ளே வந்திருந்தால் இயந்திரக் கை நின்றுவிடும். ஆள் போனதும் மறுபடி ஓடும். அவ்வளவுதான் அதன் சோலி.

வெள்ளியங்கிரியின் சோலி, ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் அதே இனத்துப் பெட்டி இன்னொன்றை வைத்து, ஒன்றின் அலை மற்றொன்றைக் குழப்புகிறதா என்று பார்ப்பது.

இப்போது அந்தம்மா விஷயம்.

ஒரு பம்ப் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இயந்திரக் கைகள். நடுவில் கம்பி வேலி. ஒவ்வொரு கைக்கும் ஒரு ராடார் பெட்டி.

மயிலாத்தாள் என்பவர் அங்கே கூட்டிப் பெருக்குகிறவர். தினமும் போவது போலத்தான் அன்றைக்கும் இரும்புத் தூளை வாருவதற்கு உள்ளே போனார். கை நின்றது. இவர் அன்றைக்குத் தூள் குவிந்திருந்த இடத்தில் குந்தினார். வாரிக்கொண்டிருந்தபோது நின்ற கை திடீரென்று சுழன்று வந்து தோளில் அடித்தது. காறை எலும்பு முறிந்துவிட்டது.

பெட்டியில் கோளாறே இல்லை என்றது நிர்வாகம். மயிலாத்தாள் வெளியே போயிருக்கிறார், கை ஓடத் தொடங்கியிருக்கிறது, எதையோ மறந்து வைத்துவிட்டு வேலியேறிக் குதித்துத் திரும்ப உள்ளே போயிருக்கிறார். அது அவர்கள் கட்டிய கதை. இரண்டு பெட்டிகளையும் கழற்றி இந்தச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள்.

பெட்டி நல்ல பெட்டி என்று வெள்ளியங்கிரி கையெழுத்துப் போட்டால் மயிலாத்தாளுக்கு வேலை போகும். கூடவே பொய்க்காரி என்ற பேரும் வரும். திங்கட்கிழமை அதே இடத்தில் அதே பெட்டியை நம்பி வேறொருத்தி குந்துவாள்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலத்துக்குள் கையெழுத்து வேண்டும் என்றார்கள்.

வெள்ளியங்கிரி கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கே போய் மயிலாத்தாளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கையில் ஆரஞ்சுப் பழத்தோடுதான் போனார்.

"நான் வெளியவே போகலீங்க. குந்துனவ குந்துனபடி இருந்தனுங்க. அதுவா வந்துருச்சு," என்றார் மயிலாத்தாள்.

"கருவி பொய் சொல்லாதும்மா," என்றார் வெள்ளியங்கிரி.

மயிலாத்தாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பழம் மேசையிலேயே இருந்தது.

"என்ன பார்த்தீங்க, சொல்லுங்க," என்றார் சுகந்தி.

"எல்லாம் பார்த்தாச்சுங்க. கம்பெனியில இருந்த அதே ரெண்டு பெட்டி. அதே உயரம், அதே தூரம். நடுவுல அதே மாதிரி வேலி. மாப்பிள்ளைய உள்ள தள்ளுனேன். கை நின்னுருச்சு. குந்த வெச்சேன். எல்லா எடத்துலயும் குந்த வெச்சேன். கை அசையவே இல்லீங்க."

மாப்பிள்ளை என்பது பிளாஸ்டிக் பொம்மை. வயிற்றில் தண்ணீர் கேன், மேலே கட்டம் போட்ட சட்டை. ராடாருக்கு மனிதன் மாதிரியே தெரியும். ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்தே இருப்பான், மற்றவர்கள்தான் தூக்கிவைத்துத் துடைத்துப் பராமரிக்க வேண்டும். பேர் தானாக வந்துவிட்டது.

"வேற யாராவது பார்த்தாங்களா?"

"தண்டபாணி பார்த்தான். பம்ப் கம்பெனி என்ஜினியர். நானும் அவனும் ஒரே பாலிடெக்னிக், ஒரே பெஞ்சுங்க. அவனும் இதேதான் சொல்றான்."

"அவரு சொன்னாரா? இல்ல, நீங்க சொன்னது திரும்பி வந்துச்சா?"

வெள்ளியங்கிரிக்கு எரிச்சல் வந்தது. வராதா பின்னே? குருமார்களிடம் எனக்கும் பிடிக்காதது இதுதான். நேராகச் சொன்னால் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்?

"தெரிஞ்சா சொல்லிருங்க மேடம். எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க?"

"தெரியலண்ணா. அதனாலதான் கேக்கறேன்."

சுகந்தி எழுந்தார். டீ டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். சோதனைக் கூடத்திலும் ஓர் இயந்திரக் கை இருந்தது. அதன் வேலிக் கதவைத் திறந்து உள்ளே போனார். மாப்பிள்ளையைத் தூக்கி வெளியே வைத்தார்.

"மாப்பிள்ளைக்கு இன்னிக்கு லீவு. மயிலாத்தா எந்த எடத்துல குந்தியிருந்தாங்க?"

"ஐயோ மேடம், அதெல்லாம் கூடாதுங்க."

"பெட்டி நல்ல பெட்டின்னு கையெழுத்துப் போடப் போறீங்கல்ல?"

"ஆமாங்க."

"அப்புறமென்ன? எந்த எடம்?"

வெள்ளியங்கிரி காட்டினார். சுகந்தி ஓரமாக ஒதுங்கி வெளியே வந்து நின்றார்.

"போடுங்கண்ணா. தினமும் எப்படிப் போடுவீங்களோ அப்படி."

வெள்ளியங்கிரி முதல் பெட்டியைத் தொட்டார். தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் சுவிட்சைப் போட்டார். இரண்டாவது பெட்டியைத் தொட்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் சுவிட்சைப் போட்டார். கேஸ் வால்வு காலத்திலிருந்தே அவருக்கு இந்தப் பழக்கம் உண்டு. எத்தனை கருவி இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனி மரியாதை.

கை ஓடத் தொடங்கியது.

சுகந்தி உள்ளே நடந்தார். கை நின்றது. அவர் அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து டீயைக் குடித்தார்.

கை அசையவில்லை.

"பயமா இருக்குதாண்ணா?"

"எனக்கெதுக்குங்க பயம்? நல்ல பெட்டிங்க அது."

டீ தீர்ந்தது. கை அசையவில்லை. சுகந்தி வெளியே வந்தார்.

"இன்னொரு தடவை."

வெள்ளியங்கிரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தொட்டு, ஒற்றி, போட்டு, தொட்டு, ஒற்றி, போட்டார். சுகந்தி மறுபடி உள்ளே போனார், கை நின்றது, குந்தினார். கை அசையவில்லை.

"பார்த்தீங்களா?" என்றார் வெள்ளியங்கிரி. குரலில் கொஞ்சம் மிதப்பு இருந்தது.

சுகந்தி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"அங்க யாரு சுவிட்ச் போடுவாங்க?"

"ஷிஃப்ட்டு ஆளு போடுவானுங்க."

"எப்படிப் போடுவாரு?"

"அதென்னங்க கேள்வி? சுவிட்ச எப்படிப் போடுவாங்க? போட்டா எரியும்."

"பார்த்தீங்களா?"

"அதையெல்லாம் எதுக்குங்க பார்த்துக்கிட்டு?"

"போய்ப் பார்த்துட்டு வாங்க. அங்க போயி வாயத் தொறக்கக் கூடாது. தண்டபாணி கிட்டயும் பேசக் கூடாது. வர்ற வழியில சாப்பிட்டுட்டு வாங்க."

வெள்ளியங்கிரி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனார். வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே போன பிறகுதானே?

பம்ப் தொழிற்சாலையில் மதிய ஷிஃப்ட் மாறும் நேரம். எல்லாம் அணைந்து கிடந்தது.

"வாடா வெள்ளிங்கிரி! கையெழுத்தாச்சா?" என்றார் தண்டபாணி.

வெள்ளியங்கிரி வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

"என்னடா, பல்லு வலியா?"

வெள்ளியங்கிரி தலையாட்டி வைத்தார். தண்டபாணி தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். பெட்டி பக்காவான பெட்டி, விதிமுறைப்படி எல்லாம் சரி, இந்த மாதிரி ஆளுங்க எதையாவது சொல்லத்தான் செய்வாங்க, நாமதான் உறுதியா நிக்கணும். வெள்ளியங்கிரிக்கு ஒவ்வொரு வாக்கியமும் அடுத்து என்ன வரும் என்று முன்னாலேயே தெரிந்தது. அவரே அப்படித்தான் பேசியிருப்பார். வாயை மூடியிருந்ததால்தான் அது அவருக்கு உறைத்தது.

பெட்டிகள் இருந்த இடத்தில் இரண்டு ஒயர்கள் தொங்கின. கண்ணாலேயே அவற்றைப் பின்தொடர்ந்தார். வேலி மேல் ஏறி, சுவரில் இறங்கி, இரண்டும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் போயின.

ஷிஃப்ட் ஆள் வந்தார். அந்த இரும்புப் பெட்டியின் நெம்புகோலைத் தொட்டார். தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நம்ம ஆளு, என்று வெள்ளியங்கிரி மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

ஷிஃப்ட் ஆள் நெம்புகோலைத் தள்ளினார்.

விளக்கு, ஃபேன், பெல்ட்டு, பக்கத்து வரிசை, எதிர் வரிசை எல்லாம் ஒரே அடியில் எழுந்தன.

வெள்ளியங்கிரி அந்த இரும்புப் பெட்டியிலிருந்து தொங்கிய இரண்டு ஒயர்கள் வரை மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

அவர் சாப்பிடாமலே திரும்பி வந்தார்.

வந்ததும் இரண்டு பெட்டிகளின் ஒயரையும் பிடுங்கி ஒரே பலகையில் சொருகினார். அந்தப் பலகைக்கு ஒரே சுவிட்ச். அதைத் தொட்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டார்.

கை ஓடத் தொடங்கியது.

சுகந்தி டம்ளரோடு எழுந்து வேலிக் கதவுப் பக்கம் வந்தார்.

"நான் போயி உட்காரட்டுங்களா?"

"வேண்டாங்க!"

கூரைத் தகரம் அதிர்கிற மாதிரிக் கத்திவிட்டார். கத்திய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப பயமில்லேன்னீங்க?"

"வேண்டாம் சாமி. மாப்பிள்ளையே போகட்டும்."

மாப்பிள்ளையைச் சக்கரப் பலகையில் வைத்துக் கம்பால் உள்ளே தள்ளினார். கை நின்றது. மாப்பிள்ளை மயிலாத்தாளின் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். கட்டம் போட்ட சட்டையோடு அமைதியாக உட்கார்ந்திருந்தான்.

கை சுழன்றது.

மாப்பிள்ளையின் தலை போய் வேலியில் அடித்து விழுந்தது. தண்ணீர் கேன் உடைந்து தரையெல்லாம் தண்ணீர்.

வெள்ளியங்கிரி சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சுகந்தி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பெட்டி எதையெல்லாம் அசையாத பொருள் என்று மனதில் வைத்திருக்கிறது என்று அதில் தெரியும்.

"படிங்கண்ணா."

"சுவரு. வேலி. கதவு நிலை. மூலைத் தூணு." வெள்ளியங்கிரி நிறுத்தினார். "இன்னொரு தூணு."

"எங்க?"

"மயிலாத்தா குந்துன எடத்துல."

"அங்க தூணு இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"பின்ன?"

வெள்ளியங்கிரி சொல்லச் சொல்ல அவருக்கே விளங்கியது.

"ரெண்டும் ஒரே நேரத்துல கண்ண முழிச்சிருக்குதுங்க. இது அலைய அனுப்புற அதே நேரத்துல அதுவும் அனுப்புது. அது அனுப்புனது இதுகிட்ட வருது. வேற மாதிரி இருந்திருந்தா வேற யாரோன்னு தெரிஞ்சிருக்கும். அச்சு அசல் தன்னுது மாதிரியே இருக்குதுங்க. தான் அனுப்புனதுதான் எதுலயோ பட்டுத் திரும்பி வருதுன்னு நெனச்சுக்கிச்சு. அங்க ஒரு தூணு நிக்குதுன்னு மனசுல வெச்சுக்கிச்சு. அப்புறம் அந்த எடத்துல யாரு வந்து குந்தினாலும்..."

"சொல்லுங்க."

"தூணுதானுங்க."

தண்ணீர் வேலிக்கு அடியில் ஓடி வெளியே போயிற்று.

"நான் ஒவ்வொண்ணாத் தொட்டுக் கும்பிட்டுப் போட்டேன். அதனால ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி முழிச்சுது. என் பக்திதான் கோளாற மறைச்சிருக்குதுங்க." வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே தொட்டுக் கும்பிடக் கூடாதுங்களா மேடம்?"

"யாரு சொன்னா? நல்லாக் கும்பிடுங்க. மொத்தமாவும் ஒரு தடவை கும்பிடுங்க."

போன் அடித்தது. தண்டபாணி.

"என்னடா, பல்லு வலி போச்சா? கையெழுத்து?"

"பெட்டி ஆகாதுடா. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா ஆள் தெரிய மாட்டேங்குது. திங்கட்கிழமை அந்த வரிசையத் தொடாதீங்க."

"டேய், டேய். விதிமுறைப்படி பாஸ்தானே? ஒண்ணாப் போட்டுப் பாருன்னு எங்கயாவது சொல்லியிருக்குதா? நாமெல்லாம் படிச்சவங்கடா. ஒரு பெருக்குறவ பேச்சக் கேட்டுக்கிட்டு..."

"தண்டபாணி."

"என்ன?"

"நீ பேசறது எனக்கு என் குரல் மாதிரியே கேக்குதுடா. போன வை."

வைத்தார். பெட்டி ஆபத்தானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே சுகந்தியும் போட்டார். இருட்டுவதற்கு முன்னால் அது போய்ச் சேர்ந்தது.

"இப்பவாவது சாப்பிடுங்கண்ணா," என்றார் சுகந்தி.

"ஒரு எடத்துக்குப் போகணுங்க மேடம்."

"சரி."

"அங்க வாயத் தொறக்கலாங்களா?"

சுகந்தி ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார்.

"முதல்ல காதத் தொறங்க," என்றுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மயிலாத்தாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளியங்கிரி வாசலில் நின்றார். இந்தத் தடவை பழம் வாங்கி வரவில்லை.

"வாங்க," என்றார் மயிலாத்தாள். உட்காரச் சொல்லவில்லை. "கருவி என்னங்க சொல்லுச்சு?"

"நீங்க வெளிய போகலீன்னு சொல்லுச்சுங்கம்மா. குந்துன எடத்துலதான் இருந்தீங்க, கைதான் தானா வந்துச்சுன்னு சொல்லுச்சுங்க. எழுதிக் குடுத்துட்டேன். உங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

மயிலாத்தாள் ஒரு காயை எடுத்தார். நாரை இழுத்தார். காயை முறத்தில் போட்டார்.

"அது சொன்னது உங்களுக்கு வெளங்குச்சுங்களா?"

"வெளங்குச்சுங்கம்மா."

"நானுந் தமிழ்லதானுங்களே சொன்னேன்."